சராசரிக்குள் தொலைந்த செங்கல்பட்டு

2001 மே மாதம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வு ஒன்றுக்கு 24 வயதுப் பெண் ஒருவர் தன்னார்வலராக வந்தார். அவருக்கு ஆஸ்துமா இல்லை. அங்கேயே ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தவர், நல்ல உடல்நலத்தோடு இருந்தவர். நோயில்லாத நுரையீரல் தன் மூச்சுக்குழாய்களைச் சுருங்கவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதுதான் ஆய்வின் கேள்வி. அதற்காக ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பொருளை அவரை உள்ளிழுக்கச் சொன்னார்கள். இருமலில் தொடங்கி நுரையீரல் முழுவதும் பழுதாகி, ஜூன் 2 அன்று அவர் இறந்துபோனார்.

ஆய்வை நடத்திய மருத்துவர் தேடாமல் இறங்கியவர் அல்ல. பாடநூலைப் பார்த்திருந்தார். பப்மெட் என்ற மருத்துவத் தரவுத்தளத்திலும் தேடியிருந்தார். ஆனால் அன்றைய பப்மெட்டில் 1966 முதலான கட்டுரைகள்தாம் இருந்தன. ஹெக்ஸாமெத்தோனியமோ 1950களில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. அது நுரையீரலைக் கெடுக்கிறது என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் எழுதிய கட்டுரைகள் நூலக அலமாரிகளில் இருந்தன. திரையில் வரவில்லை. ஜூலை மாதம் அமெரிக்க அரசு, அந்தப் பல்கலைக்கழகத்தில் தன் நிதியில் நடந்த மனித ஆய்வுகளை நிறுத்திவைத்தது.

ஓர் ஆய்வில் இறங்கும் முன், அந்தப் பொருளைப் பற்றி இதுவரை யார் என்ன கண்டார்கள் என்று தேடித் திரட்டி எடைபோடும் வேலையைத்தான் நம் ஊர் ஆய்வு மாணவர்கள் ‘ரிவ்யூ’ என்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயமாக அது வரும். பக்கம் நிரப்பும் சடங்காக அதை எழுதி முடிப்பவர்கள் நிறைய. அந்தச் சடங்கு இப்போது இன்னும் சுலபமாகிவிட்டது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியிடம் தலைப்பைச் சொன்னால், மேற்கோள்கள் சகிதம் பத்துப் பக்கம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. அந்தப் பத்துப் பக்கத்தை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் கூடாது என்பதற்கு இந்த வேலையின் வரலாற்றுக்குள்ளேயே விடை இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தைக் கொடுக்கலாமா என்று 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் நடந்தன. 1992இல் ஜோசஃப் லாவ் என்பவரின் குழு அந்தச் சோதனைகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தது. 1973இலேயே, எட்டுச் சோதனைகளில் 2,432 நோயாளிகளோடு, மருந்து உயிர்காக்கிறது என்பது தெளிவாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் 25 சோதனைகள் நடந்தன. அவற்றில் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள். விடையில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. அந்த 34,542 பேரில் ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தவர்களுக்கு, உயிர்காக்கும் என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டிய மருந்து கிடைக்கவில்லை. கூட்டிப் பார்க்க ஆள் இல்லாததுதான் காரணம்.

பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1979இல் மருத்துவத் துறையைக் கடிந்துகொண்டது இதற்காகத்தான். துறைவாரியாக எல்லாச் சோதனைகளையும் திரட்டி, எடைபோட்டு, அவ்வப்போது புதுப்பித்து வைக்க ஓர் ஏற்பாடு இல்லையே என்றார். அவர் பெயரிலேயே 1993இல் ஆக்ஸ்ஃபோர்டில் காக்ரேன் அமைப்பு உருவானது. முறையான ரிவ்யூ எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு உலகம் இன்று அந்த அமைப்பைத்தான் பார்க்கிறது.

முறையாகச் செய்தால் காலம் பிடிக்கும். பதிவுசெய்து நடத்தப்பட்ட 195 ரிவ்யூக்களை ஆராய்ந்து 2017இல் வந்த கட்டுரை ஒன்று, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆகிறது என்று கணக்கிட்டது. இந்தப் பக்கம் ரிவ்யூ நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் கட்டுரைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. 2010 கணக்கின்படியே நாளொன்றுக்கு 75 மருத்துவச் சோதனைகளின் முடிவுகள் வெளியாகிக்கொண்டிருந்தன. பப்மெட்டில் இப்போது 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. இவ்வளவையும் எதிரே வைத்துக்கொண்டு, இயந்திரத்தின் உதவி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த 67 வாரம் எங்கே போகிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முதலில் தேடுசொற்களை அமைக்க வேண்டும். காசநோய்க்கு எத்தனை பெயர், பழைய கட்டுரைகளில் என்ன எழுதியிருப்பார்கள், சுருக்கெழுத்து என்ன, எது ‘அல்லது’, எது ‘மற்றும்’ என்று ஒரு முழுப் பக்கத்துக்கு நீளும் தேடல் வரி அது. நல்ல நூலகர் இல்லாமல் இதைச் சரியாகச் செய்வது கடினம். பிறகு அந்த வரியைப் பல தரவுத்தளங்களில் ஓட்டுவார்கள். ஐயாயிரம் தலைப்புகள் வந்து விழும். ஒன்றுக்கு மேற்பட்ட தரவுத்தளத்தில் வந்த இரட்டைகளை நீக்குவார்கள். அடுத்து, இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொரு தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று குறிப்பார்கள். முரண்பட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். மிஞ்சியவற்றின் முழுக் கட்டுரையைத் தேடி எடுத்து, மறுபடியும் கழித்து, கடைசியில் தேறும் இருபது முப்பது கட்டுரைகளிலிருந்து எண்களை அட்டவணையில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு சோதனையிலும் ஆட்களை எப்படிப் பிரித்தார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து அதன் தரத்தையும் குறிப்பார்கள். எழுதுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

சலித்தெடுக்கும் கட்டத்தில் இரண்டு பேர் எதற்கு? ஒரே ஆள் பார்த்தால் தேவையான கட்டுரைகளில் 13 விழுக்காட்டைத் தவறவிடுகிறார், இரண்டு பேர் பார்த்தால் அது 3 விழுக்காடாகக் குறைகிறது என்று 2020இல் சோதித்துக் காட்டினார்கள். இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இயந்திரத்தின் பிழையைப் பேசும்போது நாம் அதை ஒப்பிடுவது பிழையே செய்யாத மனிதரோடு அல்ல. நாலாயிரமாவது தலைப்பில் கண் சொக்கிப்போன முனைவர் பட்ட மாணவரோடு.

இந்தக் கட்டத்தில் இயந்திரம் நுழைந்து வெகுநாளாயிற்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏஎஸ்ரிவ்யூ என்ற மென்பொருள் நல்ல எடுத்துக்காட்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நீங்கள் சில கட்டுரைகளை வேண்டும், வேண்டாம் என்று குறித்தால், மீதி ஆயிரக்கணக்கானவற்றை அது மறுபடி வரிசைப்படுத்தி, உங்களுக்கு வேண்டியிருக்கும் என்று தோன்றுவதை மேலே கொண்டுவரும். நீங்கள் அடுத்ததைக் குறித்ததும் வரிசை மீண்டும் மாறும். இப்படியே போனால் தேவையானவை பெரும்பாலும் முதல் பகுதியிலேயே வந்துவிடுகின்றன. எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தலாம் என்பது மட்டும் ஆய்வாளரின் பொறுப்பாகவே இருக்கிறது. நூறில் 95 கட்டுரையைப் பிடித்துவிட்டேன் என்று திருப்தியோடு நிறுத்தினால், விட்டுப்போன ஐந்தில் ஒன்று 1950களின் நுரையீரல் கட்டுரையாக இருக்கக்கூடும்.

ஏஎஸ்ரிவ்யூ வரிசைப்படுத்தும், எழுதாது. மொழி மாதிரி எழுதும். சிக்கலும் அங்கேதான் பிறந்தது.

2022 நவம்பர் 15 அன்று மெட்டா நிறுவனம் கேலக்டிகா என்ற மாதிரியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. 4 கோடியே 80 லட்சம் கட்டுரைகள், பாடநூல்கள், குறிப்புகளைப் படித்துத் தேர்ந்தது, ஆய்வுகளைச் சுருக்கித் தரும் என்றார்கள். இல்லாத கட்டுரைகளை உண்மையான ஆய்வாளர்களின் பெயரில் எழுதிக் கொடுத்தது. விண்வெளிக்குப் போன கரடிகளின் வரலாற்றைக் கலைக்களஞ்சிய நடையில் எழுதியது. மூன்றே நாளில் அந்தக் காட்சிப் பக்கத்தை மூடினார்கள். அந்த மாதக் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. கேலக்டிகாவை மூடவைத்த அதே பழக்கம் அதற்கும் இருந்தது.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? இதுவரை எழுதிய சொற்களைப் பார்த்து அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிப்பதற்காகப் பயிற்றப்பட்டது மொழி மாதிரி. ஆய்வுக் கட்டுரையின் மேற்கோளைப் போல அச்சு வார்ப்பான எழுத்து வேறு எதுவும் இல்லை. ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, ஆய்விதழ், தொகுதி எண், பக்க எண். இலட்சக்கணக்கான மேற்கோள்களைப் பார்த்த மாதிரிக்கு, காசநோய் என்றால் எந்தப் பெயர்கள் வரும், எந்த இதழ் வரும், தலைப்பு எப்படி ஒலிக்கும் என்பதெல்லாம் அத்துபடி. அந்தக் கட்டுரை இருக்கிறதா என்பது அந்தக் கணிப்புக்குள் ஒரு கேள்வியே அல்ல. அதனால்தான் போலி மேற்கோள் அவ்வளவு நம்பும்படி இருக்கிறது. ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, அந்த ஆண்டில் அந்தத் தொகுதியும் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் வேறொரு கட்டுரை இருக்கும்.

இதை எண்ணிப் பார்த்தார்கள். 42 தலைப்புகளில் மாதிரியைக் கட்டுரை எழுதவைத்து, அது கொடுத்த 636 மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த ஆய்வு 2023இல் வந்தது. ஜிபிடி-3.5 கொடுத்தவற்றில் 55 விழுக்காடு போலி. ஜிபிடி-4இல் அது 18 விழுக்காடு. உண்மையாக இருந்த மேற்கோள்களிலும் முறையே 43, 24 விழுக்காட்டில் ஆண்டோ பக்கமோ வேறு எதுவோ தவறு. புதிய மாதிரி வந்தால் சரியாகிவிடும் என்று இதைப் படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் 2024இல் ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனமும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நுணுக்கமான அறிவியல் கேள்விகளைக் கேட்டுச் சோதித்தபோது, அடுத்த தலைமுறையான ஜிபிடி-4ஓ கொடுத்த மேற்கோள்களில் 78 முதல் 90 விழுக்காடு வரை போலியாக இருந்தன. எவ்வளவு பேர் எழுதித் தேய்ந்த தலைப்பு என்பதைப் பொறுத்துப் பிழை கூடும், குறையும். ஆய்வு மாணவர் போய் நிற்பதோ பெரும்பாலும் அதிகம் பேர் எழுதாத தலைப்பில்தான்.

இதற்கு மாற்று வந்துவிட்டது. அந்த 2024 சோதனையை நடத்தியவர்களே ஓப்பன்ஸ்காலர் என்ற அமைப்பைக் கட்டினார்கள். நாலரைக் கோடித் திறந்தநிலைக் கட்டுரைகளில் முதலில் தேடுவது, கிடைத்த பத்திகளை மாதிரியின் முன் வைப்பது, அவற்றை மட்டும் வைத்து எழுதச் சொல்வது. எலிசிட், கன்சென்சஸ் போன்ற சேவைகளும் ஏறக்குறைய இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. கட்டுரையே இல்லாத மேற்கோள் இதில் வெகுவாகக் குறைகிறது. எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவர்கள் பலர் இந்த இடத்தில் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். கட்டுரை இருக்கிறது, இணைப்பைச் சொடுக்கினால் திறக்கிறது, பிறகென்ன என்று கேட்கிறார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது இதற்கு அடுத்த கட்டம். போலிக் கட்டுரை தேடினால் சிக்கிவிடும். உண்மையான கட்டுரையைப் பற்றிய பாதி உண்மை சிக்காது.

பி.சி.ஜி. தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போடுவது. காசநோயைத் தடுப்பதில் அது எவ்வளவு பயன்படுகிறது என்று கேட்டு, கிரஹாம் கோல்டிட்ஸ் தலைமையில் ஒரு குழு 1994இல் வெளியிட்ட ரிவ்யூ மிகப் பெயர்பெற்றது. 1,264 கட்டுரைகளையும் சுருக்கங்களையும் பார்த்தார்கள். 70 கட்டுரைகளை ஆழ்ந்து படித்தார்கள். நோய் வந்தவர்களின் எண்ணிக்கையைத் தந்த 13 சோதனைகளைக் கூட்டிப் பார்த்தபோது, தடுப்பூசி போட்டவர்களுக்குக் காசநோய் வரும் அபாயம் போடாதவர்களோடு ஒப்பிட்டால் 0.49 மடங்கு. அதாவது ஏறக்குறைய பாதி.

அந்த 13இல் ஒன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து 1968இல் தொடங்கிய சோதனை. 13 சோதனைகளிலும் மிகப் பெரியது அதுதான். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் தடுப்பூசிக் குழுவில் 88,391 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 88,391 பேர். தடுப்பூசி போட்டவர்களில் 505 பேருக்குக் காசநோய் வந்தது. போடாதவர்களில் 499 பேருக்கு வந்தது. பாதியும் இல்லை, காலும் இல்லை. வித்தியாசமே இல்லை.

பிரிட்டனில் இதே தடுப்பூசியைச் சோதித்தபோது, போட்ட 13,598 பேரில் 62 பேருக்கும், போடாத 12,867 பேரில் 248 பேருக்கும் நோய் வந்தது. நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இரண்டு சோதனையும் ஒழுங்காக நடந்தவை, இரண்டின் எண்ணும் உண்மை. கூட்டிச் சராசரி எடுத்தால் பிரிட்டனுக்கும் பொருந்தாத, செங்கல்பட்டுக்கும் பொருந்தாத ஒரு ‘பாதி’ வருகிறது.

ரிவ்யூவின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏன் ஒத்துவரவில்லை என்று கோல்டிட்ஸ் குழு கேட்டது. தடுப்பூசியின் வகை காரணமா? அந்த 13 சோதனைகளில் அது பிடிபடவில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம் என்பதும் சோதனையின் தரமும் சேர்ந்து, சோதனைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் 66 விழுக்காட்டை விளக்கின. சென்னை வட்டாரம் 13 பாகை வடக்கு, பிரிட்டன் 52 பாகை. வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக் கிருமிகள் நிறைய இருக்கின்றன. குழந்தைப் பருவத்திலிருந்தே அவை நம் உடலுக்குப் பழகிவிடுவதால், பின்னால் போடும் ஊசி புதிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று. ஆனாலும் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடல் முழுவதும் பரவியும் வரும் கொடிய காசநோயைத் தடுப்பதால்தான் இங்கே பிறந்தவுடன் அதைப் போடுகிறோம். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு வேறு தடுப்பூசி வேண்டும் என்ற இன்றைய தேடலுக்குச் செங்கல்பட்டு முடிவு ஒரு பெரிய தூண்டுகோல்.

இப்போது ஒரு மாதிரியிடம் பி.சி.ஜி. பற்றி ஒரு பத்தி கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பி.சி.ஜி. தடுப்பூசி காசநோய் அபாயத்தை ஏறக்குறைய 50 விழுக்காடு குறைக்கிறது’ என்று எழுதி, 1994 கட்டுரையை மேற்கோள் காட்டினால் அதில் எந்தப் பொய்யும் இல்லை. கட்டுரை இருக்கிறது, எண் அதன் சுருக்கத்திலேயே இருக்கிறது. சரிபார்ப்பவர் சொடுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். செங்கல்பட்டைக் காணோம். 1,76,782 பேரின் அனுபவம் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிட்டது. அந்தப் பத்தியை நம்பித் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வைத் திட்டமிடுகிறவர் அடிப்படையையே தவறாகப் போட்டிருப்பார்.

மாதிரிகள் இப்படி மழுங்கடிக்கும் என்பது வெறும் அச்சமல்ல. பத்து மொழி மாதிரிகள் எழுதிய 4,900 சுருக்கங்களை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2025இல் ராயல் சொசைட்டியின் திறந்தநிலை அறிவியல் இதழில் வந்தது. நிபுணர்கள் எழுதிய சுருக்கங்களோடு பார்த்தால், மாதிரிகளின் சுருக்கங்களில் மூலத்தில் இல்லாத அளவுக்குப் பொதுப்படையான முடிவுகள் வர ஏறக்குறைய ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. எப்படி நடக்கிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ‘இந்த நோயாளிகளுக்கு இந்த மருந்து பலன் தந்தது’ என்று கட்டுரையில் இருப்பது, சுருக்கத்தில் ‘இந்த மருந்து பலன் தருகிறது’ என்று ஆகிவிடுகிறது. இறந்தகாலம் நிகழ்காலமாக மாறும்போது, சோதனையில் இருந்த நூறு பேர் உலகம் முழுவதுமாகிவிடுகிறார்கள். ‘பிழையில்லாமல் சுருக்கு’ என்று வற்புறுத்திக் கேட்டபோது இந்தப் போக்கு குறையவில்லை, கூடியது. நான் மாணவர்களுக்குச் சொல்வது இதனால் ஒன்றுதான். மாதிரியிடம் சுருக்கம் கேட்காதீர்கள், முரண்பாடு கேளுங்கள். இந்த இருபது கட்டுரைகளில் எது மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை, எந்த ஊர், எந்த வயது, எந்த அளவு, எந்த அட்டவணை என்று கேளுங்கள். பதில் வந்ததும் அந்த அட்டவணையைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் இன்னொரு பள்ளம். ஜெர்மனியின் மயக்கவியல் மருத்துவர் யோவாகிம் போல்ட், அறுவை சிகிச்சையில் ரத்தத்துக்கு ஈடாக ஏற்றும் ஒருவகை மாவுச்சத்துத் திரவம் பாதுகாப்பானது என்று பல கட்டுரைகள் எழுதியவர். முறைகேடு தெரிந்து அவரது கட்டுரைகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. 2013இல் அந்தத் திரவம் பற்றிய சோதனைகளைத் தொகுத்தவர்கள், அவருடைய ஏழு சோதனைகளைச் சேர்த்தும் விலக்கியும் பார்த்தார்கள். சேர்த்தபோது மங்கலாகத் தெரிந்த மரண அபாயம், விலக்கியதும் துலக்கமாகிவிட்டது. மாதிரி தன் பயிற்சியில் அந்த ஏழையும், அவற்றை நம்பி எழுதிய பின்னாளைக் கட்டுரைகளையும் படித்திருக்கும். செல்லாது என்ற அறிவிப்பு எங்கோ தனிப் பக்கத்தில் கிடக்கும். 2023இல் மட்டும் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற அமைப்பு தொகுத்த அவற்றின் பட்டியல் அதே ஆண்டிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. ரிவ்யூவில் சேர்க்கும் ஒவ்வொரு கட்டுரையையும் அதில் ஒருமுறை தேடிவிட வேண்டும். ஒரு பிற்பகல் வேலை.

முழுக் கட்டுரை கிடைக்காததும் நம் நாட்டில் பெரிய தடை. சந்தா கட்டாத கல்லூரியில் இருப்பவருக்குச் சுருக்கம் மட்டும்தான் தெரியும். திறந்தநிலைக் கட்டுரைகளை மட்டும் படிக்கும் இயந்திரத்துக்கும் அதே நிலைதான். சுருக்கங்களோ பல நேரம் மூலத்தைவிட நம்பிக்கையாகப் பேசுபவை. மாதிரி அதை மேலும் சுருக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் 6,300 அரசு நிறுவனங்களுக்குத் திறக்கும் ஏற்பாடு அது. மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரி மாணவருக்கு இது சிறிய விஷயமல்ல. தனியார் கல்லூரி மாணவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் நான் இந்த இயந்திரங்களின் பக்கம்தான். தேடுசொல் அமைக்கும்போது நமக்குத் தோன்றாத பழைய பெயர்களை மாதிரி எடுத்துக்கொடுக்கும். போர்த்துக்கீசியத்திலும் சீனத்திலும் இருப்பதால் நாம் இதுவரை தள்ளிவிட்ட கட்டுரைகளைப் படித்துச் சொல்லும். இரண்டு பேர் சலிக்கும் இடத்தில், ஆள் கிடைக்காத மாணவருக்கு இரண்டாவது கண்ணாக இருக்கும். காக்ரேன் உள்ளிட்ட அமைப்புகள் 2025இல் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாடும் தடை போடவில்லை. பயன்படுத்துங்கள், எங்கே எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள், முடிவுக்குப் பொறுப்பு உங்களுடையது என்கிறது. எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எந்த நாள், என்ன கேட்டீர்கள் என்று குறித்து வைப்பது அவசியம். அதே கேள்விக்கு அதே மாதிரி நாளை வேறு பதில் தரலாம். ரிவ்யூ என்றால் இன்னொருவர் அதே வழியில் நடந்து அதே இடத்துக்கு வந்து சேர முடிய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பயன் வேறொன்று. அதன் தொடக்கம் மொழி மாதிரிகளுக்கு வெகு முந்தியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தகவல் அறிவியல் பேராசிரியராக இருந்த டான் ஸ்வான்சன் 1986இல் ஒரு விநோதமான காரியம் செய்தார். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட் நோயைப் பற்றிய கட்டுரைகளைப் படித்தார். அந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டியாக இருக்கிறது, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று அவற்றில் இருந்தது. மீன் எண்ணெயைப் பற்றிய கட்டுரைகளையும் படித்தார். அது ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது என்று அவற்றில் இருந்தது. முதல் கூட்டத்தார் இரண்டாவது கூட்டத்தாரை மேற்கோள் காட்டியதில்லை, இரண்டாமவர் முதலாமவரையும் காட்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் படித்த ஆள் இல்லை. மீன் எண்ணெய் ரேனாட் நோய்க்கு உதவலாம் என்று ஸ்வான்சன் எழுதினார். ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்காமல், அச்சில் இருந்ததை மட்டும் வைத்து ஒரு புதிய மருத்துவக் கருதுகோள். அடுத்து ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இப்படியே ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தார். ஒரு தனி மனிதர் வருடக்கணக்கில் செய்ததைக் கோடிக்கணக்கான கட்டுரைகளின் மீது செய்யக்கூடிய கருவி இப்போது நம் கையில் இருக்கிறது.

ஸ்வான்சனின் ஊகத்தை நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1989இல் வந்தது. சோதித்தவர்கள் 32 பேர். வேறு நோய் எதுவும் இல்லாமல் ரேனாட் மட்டும் இருந்தவர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்தபோது குளிரைத் தாங்கும் நேரம் நீண்டது. வேறு நோயின் விளைவாக ரேனாட் வந்தவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.